பூங்காவனத்தை எங்கே நின்று கேட்பது

காலையில் வெறும் மணலாகக் கிடந்த மைதானத்தில் பொழுது சாய்வதற்குள் ஒரு தோட்டம் எழுந்து நிற்கும். குலையோடு வெட்டிவந்து நட்ட வாழைகள், குருத்தோலைத் தோரணங்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய குரோட்டன் சாடிகள், நடுவிலே தண்ணீர் சீறிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டி, அதற்குப் பக்கத்தில் பூச்சரம் சுற்றிய ஊஞ்சல். திருகோணமலையில் நான் வளர்ந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள கோயிலின் ஆண்டுத் திருவிழா இந்தத் தோட்டத்தில்தான் முடியும். கொடியேற்றம், வேட்டைத் திருவிழா, சப்பறம், தேர், தீர்த்தம் என்று நாட்கள் நகர்ந்து, கொடியும் இறங்கிய பிறகு, வீதிவீதியாக அலைந்து களைத்த சுவாமியும் அம்பாளும் இளைப்பாற ஒரு பூங்கா வேண்டும் என்று முன்னோர் நினைத்திருக்கிறார்கள். அந்த இரவுக்குப் பூங்காவனம் என்று பெயர்.

வெளிநாட்டில் இருக்கும் என் நண்பர்கள், கோடை காலத்தில் நகரப் பூங்காக்களில் நடக்கும் பெரிய இசை விழாக்களுக்குப் போய்வந்து படங்கள் அனுப்புவார்கள். புல்தரையும் மேடையும் மணிக்கட்டில் காகித வளையம் கட்டிய கூட்டமுமாக இருக்கும். இதைத்தானே நாங்களும் ஆண்டுதோறும் செய்கிறோம், அதுவும் நுழைவுச்சீட்டு இல்லாமல், விடிய விடிய என்று எனக்குத் தோன்றும். பூங்காவனத்துக்குச் சனம் வருவது பூவையும் ஊஞ்சலையும் பார்ப்பதற்காக மட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேளச் சமாவுக்காகத்தான் வருகிறது.

சமா என்ற சொல் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு வேறு பொருளில் பழக்கமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அது நாதஸ்வர, தவில் கலைஞர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து, யாருக்கு யார் சளைத்தவர் என்று பார்த்துவிடும் கச்சேரி. ஒரு கூட்டம் வாசித்தால் அது வெறும் கச்சேரி. இரண்டு கூட்டமோ நான்கு கூட்டமோ சேர்ந்தால்தான் சமா களைகட்டும். விளம்பரத்தில் வித்துவான்களின் பெயர்களுக்கு முன்னால் வரும் ஊர்ப்பெயர்களைப் பார்த்தே பெரியவர்கள் அந்த ஆண்டுத் திருவிழாவை எடைபோடுவார்கள். இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி, கைதடி, நாச்சிமார் கோயில் என்று யாழ்ப்பாணத்து ஊர்களின் பெயர்களை நான் புவியியல் புத்தகத்தில் படித்ததற்கு முன்னால் தவில்காரர்களின் பெயர்களோடு சேர்த்துத்தான் அறிந்தேன். மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, சாம்பல்தீவு என்று சுற்றுவட்டாரம் எங்கும் இருந்து ஆட்கள் வருவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு திரும்பிப் போக பஸ் கிடையாது என்பதால், வந்தவர்கள் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியும்வரை கேட்டாக வேண்டும். இதுவும் ஒருவகையில் நல்ல இரசிகர்களை உருவாக்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்த இரவை எங்கே இருந்து கேட்பது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் இருந்தன.

முதலாவது, பெரியப்பாவின் கட்சி. மாலை ஆறு மணிக்கே ஒரு பாயையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய், மேடைக்கு நேர் முன்னால், தவிலுக்கு ஏழெட்டு அடி தூரத்தில் இடம் பிடித்துவிடுவார். அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் அவரைப் போலவே கையில் தாளம் போடுகிறவர்கள். அங்கே குழந்தைகள் அழக் கூடாது. கச்சான் கோதை உடைப்பதற்குக்கூட, தவில்கள் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை நான் உற்சாகத்தில் தப்பான இடத்தில் கைதட்டிவிட்டேன். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. என் இரண்டு கைகளையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்ச நேரம் முழுவதும் என் உள்ளங்கையிலேயே தாளம் போட்டார். சதுஸ்ரத்தின் நான்கும் திஸ்ரத்தின் மூன்றும் கண்டத்தின் ஐந்தும் எனக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். மிஸ்ரத்தின் ஏழு இன்றைக்கும் சில இடங்களில் என்னைக் கைவிடும்.

அந்த வரிசையில் இருந்தால் தவில் வெறும் முழக்கமாகக் கேட்காது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பலா மரத்தைக் குடைந்து செய்த அந்தப் பெரிய உடலின் ஒரு பக்கம் வலந்தலை, மறுபக்கம் தொப்பி. வலந்தலையில் விரல்களில் அணிந்த கூடுகள் விழும்போது, தோலின் ஒலிக்கு முன்னால் கூடு தோலைத் தொடுகிற ஒரு சிறு ‘டக்’ கேட்கும். தொப்பியில் குச்சி விழும்போது அதிர்வு மணல் வழியாகவே பாய்க்கு வந்து, காதுக்கு வருவதற்கு முன்னால் தொடைக்குத் தெரிந்துவிடும். நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கும் ஓசையும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் நனைத்துச் சரிசெய்வதும், பாதியில் அது முரண்டு பிடித்தால் வாத்தியத்தில் நூலில் கொத்தாகத் தொங்கும் மற்றச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து மாட்டுவதும் அங்கிருந்துதான் தெரியும். நாதஸ்வரத்தில் விரலுக்கென்று ஏழு துளைகள் இருக்கின்றன. அதற்குக் கீழே இருக்கும் மற்றத் துளைகள் மெழுகு வைத்துச் சுருதியைத் திருத்திக்கொள்வதற்கு மட்டும். புல்லாங்குழல்காரர் துளையைப் பாதி மூடி எடுக்கிற பல நுணுக்கங்களை இவர் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டாலும் எடுத்தாக வேண்டும். தோடி ஆலாபனையின்போது ஒரு மனிதனின் கழுத்து நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை நான் பத்து வயதில் பார்த்துவிட்டேன்.

பெரியப்பாவின் வரிசையில் சமாவுக்கு முன்னும் பின்னும் ஒரே பேச்சுத்தான். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைக் கேட்டவர்கள், கேட்காதவர்கள் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயதுகூட நிறையாமல் மறைந்துபோன அந்த மனிதரைத் தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்களும் தேடி அழைத்திருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஆகவே எங்கள் ஊர்க் கணக்கில் நான் நிரந்தரமாக இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவன். அளவெட்டி பத்மநாதன், சாவகச்சேரி பஞ்சாபிகேசன் என்று நாதஸ்வரப் பக்கத்திலும் இப்படி ஒரு பட்டியல் இருந்தது. அதில் யார் மேல் என்ற வாதம் சில ஆண்டுகளில் பிளேன்ரீ ஆறிப்போகும் அளவுக்கு நீண்டது.

இரண்டாவது கட்சி அம்மாவுடையது. அம்மா பூங்காவனத்தை அடுப்படியில் இருந்து கேட்டார். வெளியூரில் இருந்து வந்த உறவினர் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் இராச்சாப்பாடு என்பதால் அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் கோயிலில் என்ன நடக்கிறது என்பதை எங்களை விட அவர்தான் சரியாகச் சொல்வார். கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கினால், அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, “சுவாமி வெளிக்கிட்டுட்டுது” என்று கிழக்குப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார். மல்லாரிக்குப் பாட்டு வரி கிடையாது. சுவாமி புறப்படுகிறார் என்று ஊருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கலியாணச் சடங்கு நடக்கும்போது ஆனந்தபைரவி, ஊஞ்சலுக்கு நீலாம்பரி என்று அடுப்படி ஜன்னலால் வருவதை வைத்தே உலையை ஏற்றுவதும் இறக்குவதும் நடக்கும். ஊஞ்சற்பாட்டு முடிந்து எச்சரிக்கை, பராக்கு, லாலி என்று வரிசையாகப் பாடி மங்களம் பாடும் நேரத்துக்குச் சோறு வடித்திருக்கும். மணிக்கூட்டை அம்மா பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சிறுவயதில் எனக்கு இது பரிதாபமாகத் தெரிந்தது. முன் வரிசையில் உட்கார முடியாதவர் கேட்கும் மிச்சம் என்று நினைத்தேன். அந்த நினைப்புச் சரியில்லை என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அந்த வாத்தியத்தைச் செய்தவர்கள் முன் வரிசைக்காக மட்டும் செய்திருக்க மாட்டார்கள். ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட கூம்பு உடல், கீழே விரிந்த அணசு, நாணலில் செய்த இரட்டைச் சீவாளி எல்லாம் சேர்ந்து, நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டுக்குள் வாசித்தால் காதைக் கிழிக்கும் அதே சுரம், அரை மைல் தூரத்தில் தேனாக வரும்.

மூன்றாவது கட்சி என்னுடையது. அதற்கு நான் வந்து சேர்ந்தது என் சொந்தத் தவறால்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் திண்ணையில் தங்கியிருந்த தவில் வித்துவானைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை. வன்னியைக் குறுக்கறுத்துப் போகும் ஏ9 வீதி போரால் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணம் போக வேண்டியவர்கள் திருகோணமலைக்கு வந்து கப்பலுக்குக் காத்துக் கிடப்பார்கள். இன்றைக்குக் கப்பல், நாளைக்குக் கப்பல் என்று சொல்லப்படும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நகரத்தில் வீடுகளும் மடங்களும் இப்படிக் காத்திருப்பவர்களால் நிறைந்திருந்தன. ஓர் ஆண்டு, பூங்காவனம் வாசிக்க வந்த கூட்டத்தில் ஒரு தவில்காரர் திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காமல் பதினொரு நாட்கள் எங்கள் வீட்டில் இருந்தார். பெரியப்பாவுக்கு வாழ்நாளில் கிடைத்த மிகப்பெரிய பாக்கியம் அது. மற்றவர்கள் கப்பல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டபோது அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்பதை நான் ஊகிக்க மட்டும் செய்கிறேன்.

அவர் பகலில் பெரும்பாலும் வாசிக்கவில்லை. திண்ணையில் இருந்து கூடு செய்தார். பழைய வேட்டியைக் கிழித்து விரல் அகலத்தில் நீண்ட கீலங்களாக்கி, பசையில் தோய்த்து, வலது கை விரல் ஒன்றில் மேலிருந்து கீழாகச் சுற்றுவார். ஒரு சுற்றுக்கு மேல் இன்னொரு சுற்று, நடுவில் காய விடுவது, மறுபடி பசை. வெயிலில் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும்போது அவரைப் பார்த்தால் யாருக்கோ கையை நீட்டிக் கேட்பதுபோல இருக்கும். காய்ந்ததும் மெல்ல முறுக்கிக் கழற்றி, காதருகே வைத்து நகத்தால் தட்டிப் பார்ப்பார். நான் ஒன்றை எடுத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொளதொளவென்று கழன்று விழுந்தது. “அது என்ர விரலுக்குத்தான் வரும் தம்பி. இன்னொருத்தருக்குக் குடுக்கேலாது,” என்றார். சாயங்காலங்களில் தவிலை உறையில் இருந்து எடுக்காமல், எங்கள் வீட்டு மேசையின் ஓரத்தில் விரல் நுனியால் மட்டும் வாசிப்பார். அவ்வளவு மெல்லிய ஒலியில் அவ்வளவு கணக்கு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கப்பல் வந்தது.

அவரை நான் மறுபடி கண்டது 2003இல். முந்திய ஆண்டு ஏ9 திறந்திருந்தது. யாழ்ப்பாணத்து வித்துவான்கள் வவுனியா வழியாக, ஹொரவப்பொத்தானை வீதியால் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு ஊரடங்குப் பயம் இல்லாமல் விடியும்வரை நடக்கப்போகும் பூங்காவனம் என்பதால், திருவிழாக் குழுவுக்கு ஆசை கூடிவிட்டது. நான் அந்தக் குழுவில் இளையவன். ஒலி, ஒளி ஏற்பாடு என் பொறுப்பு. மைதானத்தின் கடைசி மூலையில் இருப்பவனுக்கும் மேடை போலவே கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்று, மேடைக்கு இருபக்கமும் இருந்த பெட்டிகள் போதாதென்று, மைதானத்தின் மறு எல்லையில் வேம்பிலும் மின்கம்பத்திலுமாக நாலு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டுவித்தேன். அவற்றை வாடகைக்குத் தந்தவர் தலையைச் சொறிந்தார். ஆனால் காசு கொடுப்பவனிடம் அதிகம் பேசவில்லை.

மல்லாரி நன்றாகத்தான் போனது. சண்முகப்பிரியா ஆலாபனையும் கேட்கக் கூடியதாக இருந்தது. தனியாவர்த்தனம் சூடு பிடித்து, இரண்டு தவில்களும் வேகம் கூடிய மேல்காலத்துக்குப் போனபோதுதான் குழப்பம் தொடங்கியது. பின்னால் இருந்த சனம் ஒரு தட்டு, முன்னால் இருந்த சனம் ஒரு தட்டு என்று தாளம் இரண்டாகப் பிளந்தது. பெரியப்பாவின் வரிசையில் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. தவில்காரர் சட்டென்று வாசிப்பை நிறுத்தி, குச்சியைத் தவிலின் மேல் படுக்க வைத்தார். எங்கள் திண்ணையில் இருந்த அதே மனிதர்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, மைக்கில் கேட்காத குரலில் சொன்னார்: “தம்பி, அங்கால ஒருத்தர் எனக்குப் பிந்தி வாசிச்சுக்கொண்டிருக்கிறார். முதல்ல அவரை நிப்பாட்டுங்கோ.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஒலி காற்றில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் போகும். கம்பி வழியே போகும் மின்சாரத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. மேடையில் விழும் அடி, நூறு மீற்றருக்கு அப்பால் மரத்தில் கட்டிய ஸ்பீக்கரில் அந்தக் கணமே பேசிவிடுகிறது. ஆனால் அங்கிருந்து மேடைக்குத் திரும்பி நடந்துவர அதற்குக் கால் செக்கனுக்கு மேல் வேண்டும். சாதாரணப் பாட்டில் அது ஒரு சிறு எதிரொலி. தவிலின் மேல்காலத்தில் கால் செக்கன் என்பது இரண்டு மூன்று சொற்கள், அதாவது இரண்டு மூன்று அடிகள். பின்னால் இருப்பவர்களுக்கு முதலில் மரத்துத் தவில், பிறகு மேடைத் தவில். வாசிப்பவருக்கு முதலில் தன் தவில், பிறகு யாரோ ஒரு தவில். நான் காசு கொடுத்து ஒரு கள்ளத் தவில்காரரை மேடைக்கு எதிரே உட்கார வைத்திருந்தேன்.

ஓடிப்போய் நாலையும் கழற்றினேன். பின்பக்கத்தில் இருந்தவர்கள் “கேக்கேல்லை, கேக்கேல்லை” என்று என்னைத்தான் ஏசினார்கள். அவர்களுக்கு முகம் கொடுக்கக் கூச்சப்பட்டு, முன்னாலும் போக முடியாமல், மைதானத்துக்கு வெளியே வீதியில் இறங்கி நடந்தேன்.

அந்த நடையில்தான் மூன்றாவது கட்சி பிறந்தது. முதல் சந்தியில் தவில் பாதி கரைந்து, நாதஸ்வரம் மேலே எழுந்து நின்றது. இரண்டாவது சந்தியில், வீடுகளுக்குப் பின்னால், தவிலின் தொப்பி மட்டும் நிலத்தோடு வந்தது. திருஞானசம்பந்தர் வீதியில் ஓரிடத்தில் எதுவுமே கேட்கவில்லை. நாற்பது அடி தள்ளி, ஓர் ஒழுங்கை வாசலில், மேடையில் இருப்பதுபோல எல்லாம் தெளிவாகக் கேட்டது. எங்கள் நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே ஒரு கழுத்துப்போல ஒடுங்கிக் கிடக்கிறது. கிழக்கே திறந்த கடலும் மேற்கே உட்துறைமுகமும். ஓர் இரவில் நடந்தே இரண்டு கரைக்கும் போய்வரலாம். நான் இரண்டுக்கும் போனேன். உட்துறைமுகக் கரையில் மேளம் அநேகமாகக் கேட்கவில்லை. கிழக்குக் கரையில், அலைக்கும் மேலாக, காம்போதி முழுசாக வந்து நின்றது.

இதற்குக் காரணத்தைப் பிறகு கடலுக்குப் போகும் ஒரு நண்பர் சொன்னார். அவருக்குப் பௌதிகவியல் தெரியாது; காற்றுத் தெரியும். பின்னிரவில் தரைக்காற்று எழும்பிக் கடல் பக்கம் வீசும். அது சத்தத்தையும் கூட்டிக்கொண்டு போகும். தோணியில் இருந்தபடி கரையில் எந்தக் கோயிலில் எந்த நாள் திருவிழா என்று சொல்லிவிடலாம் என்றார். பாடப் புத்தகம் இன்னொன்றையும் சேர்க்கும். பகலில் மணல் சுட்டு, அதை ஒட்டிய காற்றும் சூடாகி, ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடும். இரவில் தரை குளிர்ந்து மேலே உள்ள காற்று வெப்பமாக இருக்கும்போது, வானத்துக்குப் போக வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்பும். சமா நடுச்சாமத்துக்குப் பிறகு உச்சம் பிடிப்பது இரசிகர்களின் சோம்பலால் என்று சொல்பவர்கள் உண்டு. காற்றும் அந்த நேரத்தில்தான் ஒத்துழைக்கிறது. முன்னோர் இதை அறிந்து செய்தார்களா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போக விரும்பவில்லை. இப்படியான இடங்களில் நாம் அவர்களுக்குத் தேவைக்கு அதிகமாகவே பட்டம் கொடுத்துவிடுகிறோம்.

2006இல் ஏ9 மறுபடி மூடியது. பிறகு வந்த சில ஆண்டுகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பூங்காவனம் நடந்தது, பொழுதோடு முடிந்தது.

இப்போது நடப்பதைப் பற்றி ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடந்த சில ஆண்டுகளாக நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் கீபோர்ட் வந்து உட்கார்ந்துவிட்டது. சினிமாப் பாட்டு வாசிப்பதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. இரண்டு மணிக்கு மேல் தூங்கி விழும் சனத்தை எழுப்ப அந்தக் காலத்திலும் பெரிய வித்துவான்கள் ஒன்றிரண்டு வாசித்திருக்கிறார்கள், நன்றாகவும் வாசித்திருக்கிறார்கள். என் மனக்குறை சுருதியைப் பற்றியது. கீபோர்டின் சுரங்கள் ஒவ்வொன்றும் ஆணியடித்த இடத்தில் நிற்பவை. நாதஸ்வரத்தின் காந்தாரம் தோடியில் நிற்கும் இடம் வேறு, இன்னோர் இராகத்தில் நிற்கும் இடம் வேறு. நிற்கவும் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒன்றாக வாசித்தால் ஆணிதான் வெல்கிறது. முன்பு ஒத்து ஊத ஒருவர் இருந்தார். விடிய விடிய ஒரே சுரத்தைக் கன்னத்தில் மூச்சை அடக்கி ஊதிக்கொண்டிருப்பார். யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. அவருடைய இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்தது. சுருதிப் பெட்டியின் பக்கத்தில் கீபோர்ட் வந்தது. ஒலி, ஒளிக்குக் கொடுக்கும் தொகை வித்துவான்களின் சம்பளத்தைத் தாண்டிய ஆண்டை எங்கள் குழுவின் கணக்குக் கொப்பியில் என் கையெழுத்திலேயே காணலாம். பேரம் பேசப்படுவது எப்போதும் வித்துவான்களின் சம்பளந்தான். அவர்களுக்குச் சாப்பாடு கடைசிப் பந்தியில் என்ற வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். குழுவில் இருந்த நானும் அதில் பங்காளி.

கடந்த பூங்காவனத்துக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வயது. முன் வரிசையில் பெரியப்பாவின் இடத்தில் இப்போது கைத்தொலைபேசிகள் உயர்ந்து நிற்கின்றன. படம் எடுப்பவர் கையில் தாளம் இருக்காது என்பதைத் தவிர அவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. தவிலுக்குப் பக்கத்தில் அவளை அரைமணி நேரம் உட்கார வைத்தேன். காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தும்பு முட்டாசு வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்துவிட்டு, “வா, இதை வேற இடத்தில கேப்பம்” என்று நடத்திக்கொண்டு போனேன். அந்த ஒழுங்கை வாசலில் இப்போது மாடி வீடு ஒன்று எழும்பியிருக்கிறது. அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அம்மா வீட்டு அடுப்படிக்குப் போனோம். அம்மாவுக்கு இப்போது வலது காது மந்தம். இடது காதை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். “நீலாம்பரி தொடங்கீட்டுது, ஊஞ்சல் ஆடுது,” என்று பேத்திக்குச் சொன்னார். பேத்தி ஜன்னலில் ஏறி நின்று கேட்டுவிட்டு, “தவிலைக் காணேல்லை” என்றாள். “தவில் பிறகு வரும், முதல்ல இதைக் கேள்,” என்றார் அம்மா.

கடற்கரைக்கு நாங்கள் போனபோது மூன்று மணி இருக்கும். மணல் குளிர்ந்திருந்தது. தரைக்காற்று முதுகில் பட்டது. சமா உச்சத்தில் இருந்தது. எந்த இராகம் என்று சட்டென்று பிடிபடாமல், பிறகு கல்யாணி என்று தெரிந்தது. தவில்கள் நாலும் சேர்ந்து வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானத்தை வைத்தபோது, கடலில் தெரிந்த தோணி விளக்குகளைக் காட்டி, “அவையளுக்கும் கேக்குமா?” என்று கேட்டாள். “எங்களை விட நல்லாக் கேக்கும்,” என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. என் மடியில் படுத்து, முட்டாசு பிசுபிசுத்த விரல்களால் என் முழங்காலில் எதையோ தட்டிக்கொண்டிருந்து, அப்படியே தூங்கிப்போனாள். தட்டியது ஐந்தா ஏழா என்று நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டும் இல்லை.

விடியும் நேரத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பினேன். சனம் கால்வாசிதான் மிச்சம். வித்துவான் பூபாளம் எடுத்திருந்தார். ஐந்து சுரங்கள் மட்டும் உள்ள இராகம் அது. இரவு முழுவதும் அத்தனை சுரங்களையும் கேட்ட காதுக்கு, கூட்டிப் பெருக்கிய முற்றம்போல இருக்கும். அது ஓய்ந்ததும் ஓதுவார் ஒருவர் மைக் இல்லாமல் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தைப் பாடினார். மூன்றாம் திருமுறையில் உள்ள அந்தப் பதிகத்தின் பண் புறநீர்மை. அதைப் பூபாளத்தில் பாடுவதுதான் மரபு. ஆகவே எங்கள் ஊரின் பதிகம் விடியற்காலையின் இராகத்திலேயே அமைந்துபோனது. அந்த இரண்டும் ஒட்டி வந்த இடத்தில் தையல் தெரியவில்லை.

மேடையில் தவில்காரர், நான் அறிந்தவரின் மகன் வயதுடைய ஒருவர், விரல்களில் இருந்து கூடுகளைக் கழற்றி ஒரு சிறு தகர டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். வான் சாரதி ஹோர்ன் அடித்தார். சுவாமி உள்ளே போய்விட்டதால் தோட்டத்துக்கு இனிக் காவல் இல்லை. அதை எப்படியோ அறிந்ததுபோல நகரத்துப் புள்ளிமான்கள் ஏழெட்டு மைதானத்துக்குள் வந்து, வாழை இலைகளை ஒரு பக்கத்தில் இருந்து தின்னத் தொடங்கியிருந்தன. குரோட்டன் சாடிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பையன் ஒருவன் ஓடிவந்து அவற்றை மட்டும் அவசர அவசரமாக அள்ளி ஒதுக்கினான். மகள் விழித்து, மான்களைப் பார்த்து, “முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.